சுவர் தாண்டக் கூடாத குரல்

“லைசென்சு எங்க?”

ஏசுரத்தினம் ரேடியோவைத் தொடவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசைமேல் இருந்த பெட்டியைத் தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். ஈரத் துணியோடு தவழ்ந்து வரும் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் புதுத் துணி உடுத்தியவன் அப்படித்தான் பார்ப்பான். பெட்டியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

“அண்ணே, புகையுது அண்ணே. மொதல்ல அதை நிப்பாட்டுங்க.”

“புகைஞ்சா ஒன் ரேடியோ போகும். லைசென்சு இல்லாத ரேடியோவை நான் தொட்டா என் கடை போகும். எது பெருசு? நீயே சொல்லு.”

ரேடியோவைக் கொண்டு வந்த மனிதர் க்யிம்யிண்டைங் பேட்டைக்குப் பஸ் ஏறிப் போய், வீட்டுப் பெட்டியைக் கவிழ்த்து, ரேடியோ லைசென்சைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அதற்குள் புகை தானாகவே நின்றிருந்தது. உள்ளே புகைவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. ஏசுரத்தினம் லைசென்சை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் படித்து, “இப்ப சரி. இனி இது சட்டப்படி செத்த ரேடியோ” என்று சொல்லித் திருப்புளியைக் கையில் எடுத்தார். இரண்டே நாளில் அதைப் பிழைக்கவும் வைத்துவிட்டார். அதையும் சொல்லிவிட வேண்டும். ரங்கூனில் அவர் கைக்கு உயிர் வராத ரேடியோ இன்னும் செய்யப்படவில்லை.

லான்மடாப் பேட்டையில் இருக்கிறது அவர் கடை. அவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டால்தான் இரண்டாவது ஆள் நுழைய முடியும். மற்றக் கடைக்காரர்கள் சாமி படமோ சினிமாக்காரி படமோ மாட்டும் இடத்தில் இவர் சர்க்கார் காகிதம் மாட்டியிருக்கிறார். கம்பியில்லாத் தந்திக்கு என்ன விதி, ரேடியோ வைத்திருக்க என்ன விதி, ரேடியோவைத் திறந்து பார்க்க என்ன விதி என்று சுவர் முழுக்க விதிதான். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா, அப்பாவின் அப்பா குமாஸ்தாவுக்கும் குமாஸ்தா. அந்த ரத்தம். சர்ச்சில் கல்யாணத்தன்று பாதிரியார் “சம்மதமா?” என்று கேட்டபோது, “எந்தப் பிரிவுப்படி?” என்று இவர் திருப்பிக் கேட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய் என்று அவர் மனைவி செலின் சொல்கிறாள். “பிரிவு கேக்கலீங்க, நகல் ஒண்ணு கேட்டாரு” என்கிறாள்.

ஆள் ஐந்தடி. உடம்பு பூராவும் சேர்த்துப் பிழிந்தால் ஒரு கோப்பைத் தேநீருக்குக் காணாது. ஆனால் குரல் இருக்கிறதே, அது கப்பல் சங்கு. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுகிற வேலையும் அவருக்கு உண்டு. அலோன் முருகன் கோயிலில் மைக்கைப் பிடித்து “ஒன்று, இரண்டு, மூன்று” என்று சொன்னால் ஆற்றுக்கு அக்கரையில் தூங்குகிற எருமை எழுந்து நாலு, ஐந்து என்று எண்ணும்.

இந்த 1961ஆம் வருஷப் பங்குனி உத்திரத்துக்கு அந்தக் குரலுக்குத்தான் ஆபத்து வந்தது.

பங்குனி உத்திரமும் பத்தாம் வகுப்புப் பரீட்சையும் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. பிள்ளைகள் படிக்கிற நேரம், அதனால் திருவிழா மூன்று நாளும் ஒலிபெருக்கி கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டது. நாதஸ்வரமும் தவிலும் இருக்கலாமாம். தவிலுக்கு மின்சாரம் கிடையாது, ஆகவே அது சத்தத்தில் சேராது.

கோயில் காரியக்காரர் தங்கவேலு கடைக்கு ஓடி வந்தார். கடைக்குள் இடமில்லாததால் வாசலில் நின்றே அழுதார்.

“ரத்தினம் அண்ணே, மைக்கு இல்லாம நாலாயிரம் சனத்தை நான் எப்படி மேய்க்கிறது? அந்த வருஷம் மைக்கு கெட்டப்ப என்ன ஆச்சு? ஒரே எலையில மூணு பேரு உக்காந்தாங்க. ஒருத்தரு பாயசத்துலயே உக்காந்தாரு. நீங்க வேதக்காரரா இருந்தா என்ன, முருகனுக்காக ஒரு வழி சொல்லுங்க.”

ஏசுரத்தினம் சுவரைப் பார்த்தார். விதி விதியாகப் படித்துக்கொண்டே போனார். பதினோராவது காகிதத்தில் விரல் நின்றது.

“ஒலிபெருக்கி தானே கூடாது? ரேடியோ கூடாதுன்னு சொல்லலையே?”

யோசனை இதுதான். பிஸ்கட் தகர டப்பாவுக்குள் இரண்டு வால்வை வைத்து, அவரே ஒரு குட்டி வானொலி நிலையம் செய்வார். சனங்கள் வீட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்கு வர வேண்டும். அவர் கோயில் மேடையில் முணுமுணுவென்று பேசுவார். அது அவரவர் மடியில் இருக்கிற ரேடியோவில் கேட்கும். கோயிலுக்குள் எல்லோருக்கும் கேட்கும், வெளியே படிக்கிற பிள்ளைக்கு ஒரு சொல்லும் கேட்காது.

வேறு யாராவது என்றால் டப்பாவை மாட்டிவிட்டுப் பேச ஆரம்பித்திருப்பார்கள். இவர் ஏசுரத்தினம். அனுமதி கேட்டுத் தந்தி இலாகாவுக்குப் பதினோரு தடவை நடந்தார். அங்கிருந்த சேவகனுக்கு இவர் முகம் கனவில் வந்ததால் அவன் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்வி. கடைசியில் பெர்மிட் வந்தது. அதன் கூடவே நிபந்தனையும் வந்தது, அதன் கூடவே ஊ சான் பேயும் வந்தார்.

ஊ சான் பே இலாகா இன்ஸ்பெக்டர். லான்மடாவில் தமிழர்களோடு வளர்ந்தவர், நம்மைவிட நல்ல தமிழ் பேசுவார். எல்லோரும் அவரைச் ‘சயா’ என்பார்கள், பர்மியத்தில் ஐயா. நேர்மையான மனிதர். அடுத்தவர் குடைக்குள் மழைக்கு ஒதுங்கினால்கூட லஞ்சம் ஆகிவிடும் என்று நனைகிறவர். அவரும் ஏசுரத்தினமும் முதல்முறை சந்தித்தபோது ஒருவருடைய காகிதத்தை மற்றவர் வாங்கி முக்கால் மணி நேரம் படித்தார்கள். இடையில் ஒரு பேச்சு இல்லை. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் நின்றதாகச் செலின் சொன்னாள்.

“கோ ரத்தினம், நல்லாக் கேட்டுக்க” என்றார் ஊ சான் பே, பர்மிய முறைப்படி ரத்தினத்தை அண்ணனாக்கி. “ஒன் குரல் கோயில் சுவரைத் தாண்டக் கூடாது. ஏரியல் கம்பி ஆறடி தான் வெளிய இருக்கலாம். மிச்சத்தைச் சுருட்டி அரக்கு முத்திரை வைப்பேன், அதைத் தொடக் கூடாது. ரேடியோ கொண்டு வர்றவங்க எல்லாரும் லைசென்சும் கொண்டு வரணும். அப்புறம், நீ பேசப்போற ஒவ்வொரு வார்த்தையையும் முன்னாடியே எழுதிக் குடுத்துரணும். அதுல இல்லாத ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

“ஒண்ணு தப்பினா?”

“டப்பா பறிமுதல். ரேடியோ ரிப்பேர் பண்ற ஒன் லைசென்சும் ரத்து.”

ரிப்பேர் லைசென்சு போனால் கடை போயிற்று. கடை போனால் அவருக்குத் தெரிந்த வேறு தொழில், சுவரில் விதி படிப்பது ஒன்றுதான். அதற்கு யாரும் சோறு போடுவதில்லை. ஏசுரத்தினம் இரண்டு தடவை கையெழுத்துப் போட்டார். ஒன்று பெர்மிட்டுக்கு, ஒன்று முதல் கையெழுத்து தன்னுடையதுதான் என்பதற்கு.

வீட்டுக்கு வந்து பேசப்போவதை எழுத உட்கார்ந்தார். திருவிழாவில் இனிமேல் நடக்கப் போகிறதை எல்லாம் முன்கூட்டியே எழுதுவது என்றால் லேசா? மூன்று நாள் சர்ச்சுக்குப் போய், சுவரில் இருந்த தீர்க்கதரிசிகளைத் தவிர வேறு யாரையும் அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

“எண் ஒண்ணு, அரோகரா, மூணு தடவை” என்று வாய்விட்டுச் சொல்லி எழுதினார். “எண் ரெண்டு, பந்தி தயார், தள்ளாம வாங்க. எண் மூணு, புள்ளையைக் காணோம்.”

“எந்தப் புள்ள?” என்றாள் செலின்.

“அதான் தெரியல. தொலைஞ்சாத்தானே தெரியும்.”

“என்ன சட்டை போட்டிருக்குன்னு எழுதுங்க. சட்டை நெறம் சொல்லாம எந்த ஊர்லங்க புள்ள தேடுவாங்க?”

அவர் யோசித்து, “செகப்புச் சட்டை, அஞ்சு வயசு ஆம்பளப் புள்ள” என்று எழுதினார். இப்படி நாற்பது அறிவிப்பு ஆயிற்று. மாடு புகுந்தது, மழை வந்தது, கிழவருக்கு மயக்கம், இடது கால் செருப்பு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. நாற்பதும் பர்மியத்திலும் தமிழிலும் எழுதி இலாகா முத்திரை வாங்கியாயிற்று.

முதல் நாள் அலோன் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். காவடி தூக்கி வந்தவர்கள் கொஞ்சம், ரேடியோ தூக்கி வந்தவர்கள் அதிகம். ஒரு குடும்பம் பழைய பாட்டரி ரேடியோவைச் சைக்கிள் மிதிக்கிற சைக்கா வண்டியில் உட்காரவைத்து, மாமியாரை நடத்திக் கூட்டி வந்தது. புது டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர்கள் அதற்கு மாலை போட்டிருந்தார்கள். வாசலில் ஏசுரத்தினம் நின்று லைசென்சு பார்த்தார். அப்புறம்தான் விபூதி. ஒரு பெரியவர் லைசென்சு மறந்து வந்ததால் அவரை உள்ளே விட்டு, ரேடியோவை வெளியே மீரா முகைதீன் பாயின் தேநீர் வண்டியில் விட்டார்கள். பாய் அதன் மேல் தேநீர்ச் சட்டியை வைத்தார்.

அந்த வண்டிக்கு இருபது அடி தள்ளி, மேற்குச் சுவருக்கு வெளியே, மழைமரத்தடியில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஊ சான் பே. மடியில் இலாகா ரேடியோ. இரண்டு காதையும் மூடி ஹெட்போன். கையில் நோட்டு. குரல் சுவர் தாண்டுகிறதா என்று கேட்பது அவர் வேலை. அதாவது காலையிலிருந்து மாலை வரை ஒன்றுமே கேட்காமல் இருக்க வேண்டும், அதையும் கவனமாகக் கேட்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அவர் கேட்ட அழகைப் பார்த்து, வெளியூர்க்காரர் ஒருவர் சாமியார் என்று நினைத்து விழுந்து கும்பிட்டார்.

மத்தியானம் ஏசுரத்தினம் ஓடிப் போய் அவர் ஹெட்போன் மேல் தட்டினார்.

“ஏதாச்சும் கேட்டுச்சா சயா?”

“ஒண்ணுமே கேக்கல.”

“ஒரு சொல்லு?”

“ஒரு எழுத்துகூட இல்ல. சுத்தம்.”

“ரொம்ப நன்றி சயா.” முகம் மலர்ந்தது. திரும்பி நடக்கும்போது பாதி வழியில் அந்த மலர்ச்சி எங்கோ நழுவி விழுந்துவிட்டது. கச்சேரி முடித்து வந்த பாகவதரிடம், நீங்கள் பாடியது யாருக்கும் கேட்கவில்லை, வாழ்த்துக்கள் என்று சொன்னால் அவர் எப்படி நடப்பார்? அப்படி நடந்தார்.

அன்று சாயங்காலம் ஒரு பிள்ளை தொலைந்தது. ஆனால் பாருங்கள், பச்சைப் பாவாடை கட்டிய பெண் பிள்ளை. தாய் மேடைக்கு வந்து மாரில் அடித்துக்கொண்டாள். ஏசுரத்தினம் தவித்துப் போனார்.

“அம்மா, என் லிஸ்டுல செகப்புச் சட்டைப் பையன் தாம்மா இருக்கான்.”

“அய்யோ, எம் புள்ள பச்சைப் பாவாடைங்க!”

“எனக்குத் தெரியுது. இலாகாவுக்குத் தெரியலையே.”

வேறு வழியில்லாமல் எண் மூன்றைப் படித்தார். சிவப்புச் சட்டைப் பையனைக் காணோம் என்று அறுபது ரேடியோ சொல்லியது. உடனே சிவப்புச் சட்டை போட்ட பையன்களைப் பெற்றவர்கள் ஏழு பேர், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே, “எம் புள்ளையக் காணோமாமே!” என்று அலறி ஓடி வந்தார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்துப் பயந்து, படையல் மேசைக்கு அடியில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த பச்சைப் பாவாடை எழுந்து நின்று அழுதது. கிடைத்துவிட்டாள். எண் மூன்று வேலை செய்கிறது என்று ஏசுரத்தினம் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காவடி. காலை பதினொன்றரை இருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கிறது. காவடிகள் மேற்குச் சுவரோரமாக ஆடி வந்தன. சாம்பிராணிச் சட்டி தூக்கிய பத்துப் பேர் முன்னால் வந்தார்கள். தங்கவேலு இந்த வருஷம் சாம்பிராணியில் குறை வைக்கக் கூடாது என்று மூட்டையாக வாங்கியிருந்தார். புகை எழுந்து, சுவர்மேல் கிளை நீட்டிய மழைமரத்துக்குள் நுழைந்தது.

அந்த மரத்தில் ஒரு தேன்கூடு இருந்தது. சின்னக் கூடு என்றுதான் சொன்னார்கள். அதிலிருந்து புறப்பட்ட தேனீயைப் பார்த்தால் பர்மா தேசத்துத் தேனீ எல்லாம் அன்றைக்கு உத்திரம் பார்க்க வந்து அங்கே தங்கியிருந்தது போலத் தோன்றியது. உள்ளே புகை இருந்ததால் தேனீக் கூட்டம் உள்ளே வரவில்லை. வெளிப்பக்கமாக, மெதுவாக, ஒரு கறுப்புப் போர்வை இறங்குவது போல இறங்கியது. நேர் கீழே ஊ சான் பே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

மீரா முகைதீன் பாய் முதலில் பார்த்தார். “சயா! சயா! எந்திரிங்க!” என்று கத்திக்கொண்டே தன் வண்டிக்கு அடியில் பாய்ந்தார். எங்கே கேட்கும்? உள்ளே நாலு தவில். காது இரண்டிலும் ஹெட்போன். உள்ளிருந்து சுவர்மேல் எட்டிப் பார்த்தவர்கள் கத்தினார்கள், ஒருவர் தேங்காயை எறிந்தார். தேங்காய் நாற்காலிக்குப் பக்கத்தில் விழுந்து உருண்டது. மனிதர் அசையவில்லை. அவர் ஒன்றுமே கேட்காத வேலையில் மூழ்கியிருந்தார்.

இது சிரிக்கிற காரியம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் ஒரு படகுக்காரர் தேனீ கொட்டியே செத்துப்போனார்.

மேடை உயரம். ஏசுரத்தினத்துக்கு எல்லாம் தெரிந்தது. மேடைக்கும் மேற்குச் சுவருக்கும் நடுவில் மூவாயிரம் சனம். ஓடிப் போய்ச் சேர முடியாது. அந்த மனிதர் காதுக்குள் போக உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியின் வாசலில் இவர்தான் மைக்கோடு உட்கார்ந்திருந்தார். அந்த வழியைத்தான் அரக்கு வைத்து அடைத்திருந்தார்கள்.

பக்கத்தில் செலின் நிற்க, அவர் லிஸ்டைப் புரட்டினார்.

“பதினேழு, மாடு... பதினெட்டு, மழை... பத்தொம்பது, பாம்பு... தேனீ இல்ல செலின்! தேனீ எழுதல!”

“மாடுன்னாவது சொல்லுங்களேன்! மனுஷன் எந்திரிச்சு ஓடட்டும்!”

“மாடு வரலையே! நடக்காததை நடந்ததுன்னு சொன்னா அது தனிக் குத்தம்!”

“அப்ப பாம்பு?”

“செலின்!”

“சரி, எதைச் சொன்னாலும் இந்த ஆறடிக் கம்பியில சுவரைத் தாண்டிப் போகுமா?”

போகாது. அவரே இரண்டு நாளாகப் போகாமல் பார்த்துக்கொண்டார். ஏசுரத்தினம் அரக்கு முத்திரையைப் பார்த்தார். இலாகாவின் மயில் அதில் தோகை விரித்து நின்றது. இடுப்பில் இருந்த கடைச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். ஒரு விநாடி கண்ணை மூடினார். ஜெபம் செய்தாரோ, இல்லை பிரிவு எண் ஏதாவது சொன்னாரோ தெரியாது.

பிறகு குனிந்து முத்திரையைப் பல்லால் கடித்தார்.

அரக்கு சிதறியது. சுருட்டிய கம்பியை உதறி, அதன் நுனியில் திருப்புளியைக் கட்டி, பந்தல் மூங்கில் உச்சிக்கு வீசினார். கம்பி வானத்தில் நீண்டது. மைக்கை வாயோடு சேர்த்து, மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த கப்பல் சங்கைத் திறந்துவிட்டார். பர்மியத்தில்தான் சொன்னார்.

“ஊ சான் பே சயா! எந்திரிச்சு ஓடுங்க! தலைக்கு மேல தேனீ!”

கோயிலுக்குள் அறுபது ரேடியோவும் ஒன்றாக அலறின. சுவருக்கு வெளியே ஊ சான் பே திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். ஓடினார் என்று நினைக்கிறீர்களா? நிமிர்ந்து உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பென்சிலை நாக்கில் தொட்டு, நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார். மணி பதினொன்று முப்பத்தெட்டு. குரல் கேட்டது.

“சயா, நோட்டுல அப்புறமா எழுதிக்கலாம்! மொதல்ல ஓடுங்க! ஒங்க இடது காதுக்குப் பக்கத்துல வந்துருச்சு!”

அப்போது முதல் தேனீ கொட்டியது. ஊ சான் பே எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது. ஹெட்போன் தலையில் இருக்கிறது, அதன் கம்பியில் இலாகா ரேடியோ கன்றுக்குட்டி போலப் பின்னால் இழுபட்டு வருகிறது, இடுப்பில் கட்டிய லோஞ்சியை ஒரு கை பிடித்திருக்கிறது, இன்னொரு கையில் நோட்டு. ஏழடிச் சுவர். ஐம்பத்திரண்டு வயது. எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. சாம்பிராணிப் புகைக்குள் வந்து குப்புற விழுந்தார். குரல் வெளியே போயிற்று, இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

ஒன்பது கொட்டு. வைத்தியர் பார்த்து, உயிருக்குப் பயமில்லை, இன்னும் அரை நிமிஷம் அங்கே இருந்திருந்தால் தன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டியதில்லை என்று சொன்னார். செலின் கொட்டின இடமெல்லாம் வெற்றிலைச் சுண்ணாம்பு தடவினாள். முகம் பலாப்பழம் போல வீங்கி, அதில் வெள்ளைப் புள்ளியோடு, மண்டபத்தில் உட்கார்ந்தார் ஊ சான் பே. உட்கார்ந்ததும் முதல் காரியமாகப் பையிலிருந்து விசாரணைப் படிவத்தை எடுத்தார்.

ஏசுரத்தினம் அவர் முன்னால் போய் நின்றார். இடுப்பிலிருந்து கடைச் சாவியை அவிழ்த்து, யாரும் கேட்காமலே நீட்டினார். தவில்காரர்கூடக் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

“சயா, ஒண்ணும் கேக்கலன்னு எழுதிருங்க” என்று தங்கவேலு கெஞ்சினார். “யாருக்குத் தெரியப் போவுது?”

“கேட்டுச்சே” என்றார் ஊ சான் பே. உதடு வீங்கியதால் சொல் கனமாக வந்தது.

“ஆமா, கேட்டுச்சு” என்றார் ஏசுரத்தினமும்.

“நீங்க சும்மா இருங்க!” என்றாள் செலின்.

ஊ சான் பே படிவத்தைப் படித்தார். “சுவருக்கு வெளிய, பொதுமக்கள்ல யாராச்சும் குரலைக் கேட்டாங்களா?” ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்தார். “பாய், நீ கேட்டியா?”

“நான் வண்டிக்கு அடியில கிடந்தேன் சயா. எங்கிட்ட ஏது ரேடியோ? இருந்த ஒண்ணும் சட்டி வச்சு நசுங்கிப் போச்சு.”

“வேற யாரு வெளிய இருந்தா?”

“நீங்க தான் சயா.”

“நான் பொதுமக்கள் இல்ல. நான் இலாகா.” பென்சிலை நாக்கில் தொட்டு, ‘இல்லை’ என்று எழுதினார். கூட்டம் மூச்சு விட்டது. “அவசரப்படாதீங்க. அடுத்த கேள்வி. லிஸ்டுல இல்லாத அறிவிப்பு செஞ்சாரா? கோ ரத்தினம், நீ யாருக்குச் சொன்ன?”

“ஒங்களுக்குத்தான் சயா.”

“பேரு சொன்னியா?”

“ஊ சான் பேன்னு சொன்னேன்.”

“பேரு போட்டு ஒருத்தருக்குச் சொன்னா அது அறிவிப்பு இல்ல. அது கடிதம்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏசுரத்தினம் முகத்தில் முதல்முறையாக ரத்தம் ஓடியது. ஆனாலும் அந்த வாய் சும்மா இருக்குமா?

“கடிதம்னா ஸ்டாம்பு ஒட்டணுமே சயா?”

“ஒட்டணும்.”

தங்கவேலு காவடி ஆடினவரைவிட வேகமாக ஓடித் தபால்தலை வாங்கி வந்தார். ஏசுரத்தினம் நக்கிப் படிவத்தின் மூலையில் ஒட்டினார்.

“அப்ப, சாமி கும்பிட வந்த நாங்களும் கேட்டோமே?” என்று கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் கேட்டாள். எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருத்தி இருப்பாள்.

ஊ சான் பே வீங்கின கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். “அடுத்தவனுக்கு வந்த கடிதத்தை நீ ஏம்மா கேட்ட? அறுபது பேருக்கும் எச்சரிக்கை. இனிமே அப்படிச் செய்யக் கூடாது.” அறுபது ரேடியோக்காரர்களும் தலை குனிந்தார்கள்.

மிச்சம் இருந்தது முத்திரை. உடைந்த அரக்குத் துண்டு ஒன்றை இன்ஸ்பெக்டர் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மயிலின் தோகையில் நாலு பல் தெளிவாகப் பதிந்திருந்தது. ‘பங்குனி வெயிலில் உருகிற்று’ என்று எழுதினார். பங்குனி வெயிலுக்குப் பல் உண்டு என்பது அன்று முதல் இலாகாவின் பதிவில் இருக்கிறது.

சாவியை அவரே எடுத்து ஏசுரத்தினத்தின் கையில் வைத்தார். சனங்கள் அரோகரா போட்டார்கள், மூன்று தடவைக்கு மேல் போட்டார்கள். செலின் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி புருஷனுக்கும் சேர்த்து ஊ சான் பேயைக் கும்பிட்டாள். இன்ஸ்பெக்டரைச் சைக்கா வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பித் தெருமுனைக்குப் போனது.

திடீரென்று ஏசுரத்தினம் ஓடினார். ஒரு கையில் லோஞ்சியைப் பிடித்துக்கொண்டு, செருப்பு ஒரு பக்கம் தெறிக்க, வண்டியின் பின்னால் ஓடினார். “போச்சு! ரசீது கேக்கப் போறாரு!” என்று தங்கவேலு தலையில் கை வைத்தார்.

ஏசுரத்தினம் வண்டியை நிறுத்தினார். தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். வீங்கின காதுக்கு மிகவும் பக்கத்தில் குனிந்தார்.

“சயா... குரல் எப்படி இருந்துச்சு? கரகரப்பு ஏதும் இருந்துச்சா?”

ஊ சான் பேயின் உதடு அதற்குள் முழுசாக வீங்கிப் பேச முடியாமல் போயிருந்தது. யோசித்தார். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, நடுவில் ஒரு கடுகு போகிற அளவு இடைவெளி காட்டினார்.

ஏசுரத்தினம் திரும்பி வந்தார். பந்தி தயாராக இருந்தது, யாரோ கூப்பிட்டார்கள், அவர் காதில் விழவில்லை. மேடையில் ஏறி உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறந்து, அந்தக் கடுகைத் தேடத் தொடங்கினார்.